தம் கையால் உண்ணட்டும்

வானொலி மறையுரை



யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து காத்திருக்கிறார். இரவெல்லாம் வலை வீசிக் களைத்த சீடர்களை உணவருந்த அழைக்கிறார். உணவு முடிந்த பின்பு பேதுருவிடம் அவருடைய முதுமையைப் பற்றிப் பேசுகிறார். இளமையில் தாமே உடுத்திக்கொண்டவருக்கு, முதுமையில் இன்னொருவர் உடுத்திவிடும் காலம் வரும் என்கிறார். அது பேதுருவின் சாவைக் குறித்த சொல் என்று நற்செய்தியாளர் விளக்குகிறார். ஆனாலும் வயதான பெற்றோரைப் பராமரிக்கும் எவருக்கும் அது தம் வீட்டுச் செய்தியாகவே கேட்கும்.

குளிப்பாட்டுகிறோம், உடுத்திவிடுகிறோம், கழிப்பறைக்குக் கூட்டிப்போகிறோம். வேறு வழியில்லை. ஆனால் உணவு? மறதி நோய் முற்றிய அம்மாவோ அப்பாவோ தட்டுமுன் சும்மா உட்கார்ந்திருந்தால், நாம் உடனே வாயில் ஊட்டத் தொடங்கிவிடுகிறோம். ஊட்டுவது அன்பின் செயல்தான். எனினும் அவரால் இன்னும் செய்யக்கூடிய வேலையை அவருக்கு விட்டுக்கொடுப்பதும் அன்பின் செயலே. அதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும், கொஞ்சம் விவரமும் வேண்டும். அந்த விவரத்தைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

டிமென்ஷியா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோய் நம்மிடையே அரிதானதல்ல. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், இந்நோயோடு வாழ்கிறார்கள் என 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிடுகிறது. நம் பங்கிலும் இத்தகைய வீடுகள் உண்டு. அவர்கள் திருப்பலிக்கு வருவது நின்றுவிட்டதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

கடைசியாகப் போகும் திறன்

அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963-இல் முதியோரின் அன்றாட வேலைகளை ஆறாகப் பிரித்து ஓர் அளவுகோல் தந்தார்: குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குச் செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல். பெரும்பாலும் இந்த வரிசையிலேயே திறன்கள் கைவிட்டுப் போகின்றன. குளிப்பதற்கு உதவி தேவைப்பட்டு வெகுகாலம் ஆன பிறகுதான் உண்பதற்கு உதவி தேவைப்படுகிறது. குழந்தை தானாகச் செய்யக் கற்கும் முதல் வேலைகளில் ஒன்று, கடைசிவரை மனிதரோடு இருக்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. நேற்று நடந்ததை நினைவில் வைக்கும் மூளைப் பகுதி இந்நோயில் பெரும்பாலும் முதலில் பழுதடைகிறது. ஆனால் கை பழகிய வேலைகளைக் காக்கும் பகுதிகள் வேறு. அவை நெடுநாள் தாக்குப்பிடிக்கும். மகளின் பெயரை மறந்த தாய், சோற்றைப் பிசைந்து விரல் நுனியால் திரட்டி வாயில் வைப்பதை மறக்காமல் இருப்பது இதனால்தான். எழுபது ஆண்டுகள் தினம் மூன்று வேளை செய்த வேலையல்லவா அது! ஆனால் செய்யாமல் விட்டால் அதுவும் மங்கிவிடும். உதவி தேவையில்லாத இடத்தில் நாம் உதவும்போது, நோய் எடுக்காததையும் நாம் எடுத்துவிடுகிறோம்.

உடல்நலக் காரணமும் இதில் இருக்கிறது. 1998-இல் அமெரிக்காவில் முதியோரிடையே நடந்த ஓர் ஆய்வில், உணவுத்துணுக்கும் எச்சிலும் நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியா, பிறர் ஊட்ட உண்பவர்களிடம் மிக அதிகமாகக் காணப்பட்டது. பல் சொத்தையும் வாய் சுத்தமின்மையும் அடுத்த காரணங்களாக இருந்தன. தன் கை உணவைத் தூக்கும்போது, அது வருவது வாய்க்குத் தெரிகிறது, தொண்டை ஆயத்தமாகிறது. எதிர்பாராத நேரத்தில் பிறர் கரண்டி நுழையும்போது அந்த ஆயத்தம் இருப்பதில்லை.

சங்கிலி எங்கே அறுந்திருக்கிறது?

தட்டிலிருக்கும் சோறு வயிற்றுக்குப் போவது நமக்கு ஒரே வேலை போலத் தெரிகிறது. உண்மையில் அது பல கண்ணிகள் கொண்ட சங்கிலி. உணவைக் காண வேண்டும். அது உணவு என்று அறிய வேண்டும். கையை நீட்டத் தொடங்க வேண்டும். நடுவில் கவனம் சிதறாமல் தொடர வேண்டும். மென்று விழுங்க வேண்டும். நோயாளி உண்ணாமல் இருந்தால், இவற்றில் எது அறுந்தது என்று இரண்டு மூன்று நாள் அருகில் உட்கார்ந்து கவனியுங்கள். அறுந்த கண்ணியில் மட்டும் உங்கள் கை இருக்கட்டும்.

*காண்பது.* இந்நோயில் கண் நன்றாக இருந்தாலும் ஒரே மாதிரி நிறங்களைப் பிரித்தறியும் திறன் குறைகிறது. வெள்ளைப் பீங்கான் தட்டில் தயிர்சாதம் அவர் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். எவர்சில்வர் தட்டு விளக்கொளியில் பளபளத்துக் குழப்பும். பூப்போட்ட தட்டில், பூவை எடுக்க விரல் போகும். 2004-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோய் முற்றிய ஒன்பது ஆண்களுக்கு வெள்ளைப் பாத்திரங்களுக்குப் பதிலாக அடர்சிவப்புத் தட்டும் குவளையும் கொடுத்துப் பார்த்தார்கள். உண்ட அளவு 25 விழுக்காடும் குடித்த அளவு 84 விழுக்காடும் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் ஒரு தட்டை மாற்றிப் பார்ப்பதில் நமக்கு என்ன நட்டம்? நமக்கோ அதைவிட எளிய வழி உண்டு. பச்சை வாழையிலையில் வெள்ளைச் சோறு பளிச்சென்று தெரியும். இலையைக் கண்டாலே சாப்பாட்டு நேரம் என்பதும் நினைவுக்கு வரும். தட்டில் ஒரு பக்கத்து உணவை மட்டும் உண்டு நிறுத்தினால், தட்டைத் திருப்பி வையுங்கள். மறுபக்கம் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிடவும் மறக்க வேண்டாம்.

*அறிவது.* எதிரே இருப்பது உணவு என்று அறிய மற்றப் புலன்களும் உதவும். தாளிக்கும் வாசனை எட்டும் இடத்தில் உட்கார வையுங்கள். கைகழுவச் செய்யுங்கள். நம் குடும்பங்களில் உணவுக்குமுன் சிலுவை அடையாளம் வரைந்து செபிக்கும் வழக்கம் உண்டு. அதை ஒவ்வொரு வேளையும் அதே சொற்களில் சொல்லுங்கள். வாழ்நாளெல்லாம் அதைச் செய்த உடலுக்கு, அடுத்து வருவது உணவு என்று அதுவே அறிவிக்கும். நான்கைந்து கிண்ணங்களைப் பரப்ப வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு பதார்த்தம் போதும்.

*தொடங்குவது.* பலருக்கு அறுந்துபோகும் கண்ணி இதுதான். உண்ண வேண்டும் என்று தெரிகிறது, பசிக்கிறது, கைதான் கிளம்ப மாட்டேன் என்கிறது. பிடிவாதம் என்று நாம் தவறாக எண்ணுவது பெரும்பாலும் இதைத்தான். இதற்கு உதவும் முறையைச் சற்றுப் பிறகு சொல்கிறேன்.

*தொடர்வது.* தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருந்தால், கைப்பேசி அலறினால், பேரப்பிள்ளைகள் குறுக்கே ஓடினால், பாதியில் கை நின்றுவிடும். உணவு நேரத்தில் அந்த அறை அமைதியாக இருக்கட்டும். நீங்களும் ஒரு தட்டோடு எதிரே அமர்ந்து உண்ணுங்கள். உங்களைப் பார்த்து அவர் கையும் எழும். நின்றுகொண்டு மேலிருந்து கவனிப்பதைவிட, கண்ணுக்கு நேர் கண்ணாக அமர்வது நல்லது.

உதவியின் படிகள்

கை கிளம்பவில்லை என்றால் ஒரேயடியாக ஊட்டும் படிக்குத் தாவிவிடாதீர்கள். கீழ்ப்படியில் தொடங்குங்கள்.

முதற்படி சொல். "சாப்பிடுங்கம்மா" என்று சின்னதாக, ஒரே ஒரு செய்தியாகச் சொல்லிவிட்டு, பத்து எண்ணும்வரை காத்திருங்கள். அவருக்கு அந்தச் சொல் போய்ச் சேரவே நேரம் எடுக்கும். இரண்டாம் படி சைகை. தட்டைத் தொட்டுக் காட்டுங்கள். நீங்கள் ஒரு வாய் எடுத்து உண்டு காட்டுங்கள். மூன்றாம் படி தொடுதல். அவர் முழங்கையையோ மணிக்கட்டையோ மெல்லத் தொட்டுத் தட்டை நோக்கி நகர்த்துங்கள். நான்காம் படி தொடங்கிவைத்தல். ஒரு சிறு உருண்டையை அவர் விரல்களுக்கிடையே வைத்து, கையை வாய்க்குப் பாதி தூரம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். மீதிப் பாதியை அவர் கை முடித்துவிடும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் நான்காவது வாயை அவரே எடுப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். ஐந்தாம் படி கையின்கீழ்க் கை. உங்கள் கைமேல் அவர் கையை வைத்து இருவருமாகச் சேர்ந்து உணவை எடுப்பது. வேலையை உங்கள் கை செய்தாலும் அசைவை அவர் கை உணர்கிறது. அவருடைய வலக்கைப் பக்கத்தில் அமர்ந்துகொண்டால் இது எளிது. இவை ஐந்தும் பயன்படாதபோதுதான் ஆறாம் படியாக ஊட்டுங்கள். அப்போதும் அடுத்த வேளை முதற்படியிலிருந்தே தொடங்குங்கள். இன்று முடியாதது நாளைக் காலை முடியலாம்.

உணவின் வடிவமும் உதவட்டும். மேலை நாடுகளில் முள்கரண்டி பிடிக்க முடியாதவர்களுக்குக் கையால் எடுக்கும் உணவைத் தனியாகத் தயாரிக்கிறார்கள். நமக்குக் கையால் உண்பதே பழக்கம். இது பெரிய அனுகூலம். விள்ளல்களாகப் பிய்த்த இட்லி, மென்மையான தோசைத் துண்டு, கனிந்த வாழைப்பழத் துண்டு, வேகவைத்த காய் ஆகியவற்றை எடுப்பது எளிது. சோற்றைப் பருப்போடும் நெய்யோடும் நீங்களே குழையப் பிசைந்து எலுமிச்சை அளவைவிடச் சிறிய உருண்டைகளாக வைத்துவிடலாம். சூட்டை உங்கள் விரலால் சோதித்துவிட்டு வையுங்கள். கரண்டியால் உண்டு பழகியவர் என்றால், காம்பில் துணி சுற்றிப் பருமனாக்குங்கள். தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் வழுக்காது. மேலே சிந்தும் என்பதற்காகப் பயப்பட வேண்டாம். தோளில் ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள். சிந்தியதைத் துடைத்துவிடலாம், எல்லார் முன்னும் கடிந்துகொண்ட வலியைத் துடைப்பது கடினம்.

புரையேறாமல் காக்க

நேராக உட்கார்ந்து உண்பது முதல் விதி. கால் தரையில் பதிய, முதுகு நிமிர்ந்திருக்க, கைப்பிடி உள்ள நாற்காலி நல்லது. கட்டிலில் சாய்ந்தபடி உண்ணக் கூடாது. உண்ட பின்னும் அரைமணி நேரம் படுக்க விடாதீர்கள். பல்செட் கட்டியிருந்தால் அது வாயில் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

நம் வழக்கம் ஒன்றை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது நமக்குச் சுத்தமான பழக்கம். ஆனால் விழுங்கும் திறன் தளர்ந்தவர் தலையைப் பின்னே சாய்த்தால் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போகும் வாய்ப்பு அதிகம். முகவாய் சற்றே தாழ்ந்திருக்க, அகன்ற டம்ளரில் உதட்டை வைத்து, சிறு மிடறுகளாகக் குடிக்கட்டும். தண்ணீர் குடித்தாலே இருமல் வருகிறதென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கஞ்சிப் பதத்தில் கெட்டியான பானம் சிலருக்கு ஏற்றதாக இருக்கும்.

நீரும் பருக்கையுமாகப் பிரிந்து நிற்கும் ரசசாதம் விழுங்கக் கடினமானது. கறிவேப்பிலை, மிளகாய்த் தோல், முருங்கைக்காய், மீன்முள், அப்பளத்தின் கூரான துண்டு எல்லாவற்றையும் முன்பே எடுத்துவிடுங்கள். ஒரு வாயை விழுங்கினாரா என்று பார்த்த பிறகே அடுத்தது. கன்னத்துக்குள் உணவை ஒதுக்கி வைத்துக்கொள்வோரும் உண்டு. உண்டு முடித்ததும் வாயைத் திறக்கச் செய்து பார்த்து, சுத்தம் செய்யுங்கள்.

புரையேறினால் உச்சந்தலையில் தட்டுவதும் தண்ணீர் புகட்டுவதும் உதவாது. இருமினால் இரும விடுங்கள்; இருமலே அடைப்பை வெளியேற்றும். இருமவோ பேசவோ மூச்சுவிடவோ முடியவில்லை என்றால், அவரை முன்னே குனியச் செய்து, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். போகவில்லை என்றால் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்துங்கள். இதை மாறி மாறிச் செய்யுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

உண்ணும்போது அடிக்கடி இருமல், உண்டபின் குரல் கரகரவென ஈரமாக ஒலிப்பது, திரும்பத் திரும்பக் காய்ச்சல், மாதந்தோறும் எடை குறைவது ஆகியவை மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். நீரிழிவு மருந்து எடுப்பவர் உணவைக் குறைத்துவிட்டால், மருந்தின் அளவையும் மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அவர் வாயை இறுக மூடிக்கொண்டால், தலையைத் திருப்பிக்கொண்டால், வற்புறுத்த வேண்டாம். வாய்ப்புண், பல்வலி, மலச்சிக்கல், தூக்கம் தரும் மாத்திரை என்று ஏதாவது காரணம் இருக்கலாம். வாயால் சொல்ல முடியாதவர் அதை முகத்தைத் திருப்பிச் சொல்கிறார். இருபது நிமிடம் கழித்து மீண்டும் முயலுங்கள்.

ஊட்டியே ஆகவேண்டிய நாளில்

இவ்வளவும் செய்தாலும் ஒருநாள் கை ஓயும். அப்போது பொறுமையாக ஊட்டுவதே நம் பணி. சில குடும்பங்களில் குழாய்வழி உணவு செலுத்தலாமா என்ற கேள்வி எழும். மறதி நோய் முற்றியவர்களுக்குக் குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ தெளிவான சான்று இல்லை என்பதால், அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல் கவனத்தோடு கையால் ஊட்டுவதையே பரிந்துரைத்தது. உணவும் நீரும் நோயாளிக்குத் தர வேண்டிய அடிப்படைப் பராமரிப்பு என்றும், உடல் அவற்றை ஏற்றுப் பயன்பெற முடியாத கட்டத்தில் மட்டுமே அந்தக் கடமை மாறும் என்றும் திரு அவை கற்பிக்கிறது. 2020-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட மடலும் இதை விளக்குகிறது. முடிவெடுக்கும் குடும்பம் தனியாகத் தவிக்க வேண்டாம். மருத்துவரிடமும் பங்குத்தந்தையிடமும் மனம்விட்டுப் பேசுங்கள்.

இவர்களுக்கு நற்கருணை கொடுப்பது பற்றியும் கேட்பீர்கள். அப்பத்தின் சிறு துணுக்கு போதும். கெட்டி உணவை விழுங்கவே முடியாதவருக்குத் திராட்சை இரச வடிவில் மட்டும் வழங்கவும் திரு அவைச் சட்டம் இடம் தருகிறது. நோயாளிக்கு எப்படி விழுங்க முடிகிறது என்பதைக் குருவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பங்குக் குடும்பமாக

நான் சொன்னதை எல்லாம் கேட்டு, ஒரு மருமகள் மனத்துக்குள் கேட்கக்கூடும்: "ஊட்டினால் பத்து நிமிடம். அவரே உண்டால் முக்கால் மணி நேரம். எட்டரை மணிப் பேருந்தை யார் பிடிப்பது, சாமி?" நியாயமான கேள்வி. மூன்று வேளையும் முடியாது என்றால் ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள். அவர் தெளிவாக இருக்கும் நேரமாக அது இருக்கட்டும். பலருக்கு அது காலைப்பொழுது. அல்லது முதல் ஐந்து வாயை அவர் உண்ணட்டும்; களைத்த பிறகு நீங்கள் ஊட்டுங்கள். அதுவே அந்தத் திறனை உயிரோடு வைத்திருக்கும்.

அந்த முக்கால் மணி நேரத்தைத் தர மற்றவர்களாலும் முடியும். ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் இப்படிப்பட்ட வீடு எது என்று அறிந்துகொள்ளட்டும். வாரத்தில் ஒரு வேளை ஒருவர் போய், அந்த முதியவரோடு உட்கார்ந்து தாமும் உண்டு வரட்டும். பராமரிப்பவர் அந்த நேரத்தில் சற்றுத் தூங்கட்டும், கடைக்குப் போகட்டும், கோவிலுக்கு வரட்டும். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரிடமும் இயன்முறை சிகிச்சையாளரிடமும் உட்காரும் நிலை பற்றிக் கேளுங்கள். 14567 என்னும் முதியோர் உதவி எண்ணும் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தொடங்கிவைத்த தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாள் ஜூலை நான்காம் ஞாயிறன்று வருகிறது. அந்நாளுக்கு முன்பே இந்தப் பட்டியலை அன்பியங்கள் ஆயத்தம் செய்யலாம்.

தந்தையின் அறிவு மங்கினாலும் அவரிடம் பொறுமையாயிருக்கச் சீராக்கின் ஞான நூல் மூன்றாம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. அந்தப் பொறுமைக்கு நம் வீடுகளில் ஒரு வடிவம் உண்டு: அவர் கை தட்டை நோக்கி நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பத்து எண்ணும்வரை காத்திருப்பது. அடுத்த வேளைச் சாப்பாட்டில் அதை முயன்று பாருங்கள்.

பராமரிக்கும் உங்கள் கைகளையும், பராமரிக்கப்படும் அவர்கள் கைகளையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.